கயிறு கட்டாத பூச்சி

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணி. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளுக்கு நடுவே பீவர்கில் ஆற்றில், தொடையளவுத் தண்ணீரில் நானும் நண்பனும் நின்றிருந்தோம். தண்ணீரில் முக்கிப் பார்த்த வெப்பமானி 11 டிகிரி செல்சியஸ் காட்டியது. மார்புவரை ஏறும் நீர்புகா உடுப்பைப் போட்டிருந்தும், முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டேன். பத்து மீட்டர் முன்னால், பாறை ஒன்றை ஒட்டி, ஒரு பழுப்பு ட்ரவுட் மீன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை மூக்கை மட்டும் வெளியே நீட்டி, மிதந்துவரும் பூச்சிகளை உறிஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது. அதே பூச்சியின் அளவில், அதே சாம்பல் நிறத்தில், சேவல் இறகையும் நரி ரோமத்தையும் முள்ளில் சுற்றிக் கட்டிய எங்கள் பொய்ப்பூச்சி அதன் தலைக்கு மேலே ஏழெட்டு முறை போய்விட்டது. ஒருமுறை மீன் எழும்பி வந்தது. பொய்ப்பூச்சிக்கு நேர் கீழே ஒரு விநாடி கூடவே மிதந்தது. அப்புறம் இறங்கிவிட்டது.

“பாத்துட்டுப் போகுதுடா” என்றான் நண்பன், பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனதைச் சொல்லும் தொனியில்.

அந்த மீன் எதைப் பார்த்தது என்பதுதான் அன்றைக்கும் மறுநாளும் எங்கள் பேச்சு. ட்ரவுட் பிடிப்பவர்கள் பலர் அதைப் பெரிய அறிவாளியாக்கி வைத்திருக்கிறார்கள். படித்த மீன், பழகிய மீன், மனிதனின் சூழ்ச்சியை அறிந்த மீன் என்றெல்லாம் சொல்வார்கள். தோற்றவனுக்கு எதிரியைப் புகழ்வது ஒரு ஆறுதல். எனக்கென்னவோ அந்த மீனுக்கு அவ்வளவு புத்தி தேவைப்படவில்லை என்றே படுகிறது. ஓடும் தண்ணீரே அதற்காக எல்லாக் கணக்கையும் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

நான் காவிரிக் கிளை வாய்க்கால் ஓரம் வளர்ந்தவன். மண்புழுவை முள்ளில் குத்தி, தங்கூசியில் தக்கை கட்டி, கெண்டைக்குக் காத்திருப்பதுதான் எனக்குத் தெரிந்த தூண்டில். நண்பன் நீலகிரிக்காரன். அவன் அப்பா மின்வாரியத்தில் குந்தா பக்கம் வேலை பார்த்தவர். அவலாஞ்சியில் எச்.சி. வில்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1907-ல் அமைத்த ட்ரவுட் பொரிப்பகத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த நாளிலிருந்தே அவனுக்கு இந்த மீன்மேல் ஒரு கண். இப்போது நியூயார்க் நகரின் குயின்ஸில் குடியிருக்கிறான். இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் பீவர்கில். நான்கு வருடமாக வருகிறான். நான் முதல்முறை.

வாய்க்கால் தூண்டிலுக்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம் எடை. நம் ஊரில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும். அது பறந்து போகும்போது நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பொய்ப்பூச்சிக்கு ஒன்றிரண்டு நெல்மணியின் எடைதான். அதை எறிந்தால் ஒரு முழம்கூடப் போகாது. ஆகவே இங்கே நூலுக்கே எடை வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல். ட்ரவுட்டுக்குப் பரவலாகப் புழங்கும் ஐந்தாம் எண் நூலின் முதல் 30 அடி 140 கிரெயின் இருக்க வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. கிராமில் சொன்னால் 9.07. ஒரு சவரனுக்குக் கொஞ்சம் கூடுதல் தங்கத்தை ஒன்பது மீட்டர் நீளத்துக்கு இழுத்து நீட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சவரனைத்தான் கோலால் முன்னும் பின்னும் வீசுகிறோம். கோலைச் சட்டென்று நிறுத்தியதும் நூல் காற்றில் ஒரு கொண்டை ஊசி வளைவாக மடிகிறது. வளைவின் மேல்பாதி ஓடுகிறது, கீழ்ப்பாதி நிற்கிறது. ஓடும் பாதி நீளத்தில் குறையக் குறைய, மிச்சமிருக்கும் ஆற்றல் முழுவதும் குறைந்துகொண்டே வரும் எடையில் சேர்வதால், காற்றின் தடையை மீறி நுனிவரை வேகம் தங்குகிறது. சாட்டையிலும் இதுதான் நடக்கிறது. நுனியில் உள்ள பொய்ப்பூச்சி வெறும் பயணி.

எனக்கு வராமல் போனது பின்வீச்சு. நூல் முதுகுக்குப் பின்னால் முழுவதும் விரியும்வரை காத்திருந்து, அதன் பிறகே முன்னால் வீச வேண்டும். பின்னால் பார்க்காமல் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று சொன்னால் புரியாது. முதல் ஒரு மணி நேரத்தில் கரையோர ஆல்டர் புதர் என்னிடமிருந்து நான்கு பொய்ப்பூச்சிகளை வாங்கிக்கொண்டது.

தடித்த நூலை நேராகத் தண்ணீரில் போட்டால் மீன் ஓடிவிடும். அதனால் அதன் முனையில் ஒன்பது அடிக்கு, போகப் போக மெலியும் நரம்பு கட்டுவார்கள். அதன் கடைசிப் பகுதிக்கு 5 எக்ஸ், 6 எக்ஸ் என்று எண் உண்டு. எண் கூடினால் நரம்பு மெலியும். பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு, அதாவது 0.15 மில்லிமீட்டர். இந்த விசித்திரக் கணக்குக்குப் பின்னால் பட்டுப்புழு இருக்கிறது. நைலான் வருவதற்கு முன்பு, புழு கூடு கட்டத் தொடங்கும் தறுவாயில் அதைக் கொன்று, பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, வினிகரில் ஊறியதை இழுத்து நரம்பாக்கினார்கள். அந்த நரம்பைத் துளையிட்ட தகட்டின் வழியே எத்தனை முறை இழுத்து மெலிய வைத்தார்கள் என்பதே எக்ஸ் எண். புழு போய் நைலான் வந்து பல தலைமுறை ஆகியும் கணக்கு மட்டும் மாறவில்லை.

கேட்ஸ்கிலின் ஆறுகள் பார்க்கக் கன்னிமை கலையாதவைபோல இருக்கும். அது பாதி பொய். பீவர்கில்லில் ஆதியில் இருந்தது புரூக் ட்ரவுட் என்ற உள்ளூர் மீன். குளிர்ந்த, நிழல் விழுந்த தண்ணீர் அதற்கு வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளுக்குத் தோல் ஆலைகள் வந்தன. தோல் பதனிடத் தேவையான டானின் ஹெம்லாக் மரத்தின் பட்டையில் நிறைய இருந்தது. (சாக்ரடீஸ் குடித்த ஹெம்லாக் வேறு, அது ஒரு செடி. இது ஊசியிலை மரம்.) நம் ஊரில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே அது செய்தது. பட்டையை உரித்துக்கொண்டு மரத்தைப் பெரும்பாலும் காட்டிலேயே அழுக விட்டுவிட்டார்கள். ஆற்றின் மேல் கவிந்திருந்த நிழல் போயிற்று, தண்ணீர் சூடேறிற்று, ஆலைக் கழிவும் சேர்ந்தது. புரூக் ட்ரவுட் மலையுச்சி ஓடைகளுக்கு ஏறிவிட்டது.

காலியான வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து ஆள் வந்தது. 1883-ல் ஃபிரெட் மேதர் என்ற மீன் வளர்ப்பாளருக்கு, பரோன் ஃபான் பெர் என்ற ஜெர்மானியர் பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகளைக் கப்பலில் அனுப்பினார். லாங் ஐலண்டின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் அவை பொரிந்தன. சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் இந்த வந்தேறி மீன், அமெரிக்க ஆறுகளில் நிலைத்துவிட்டது. எங்களை அவமானப்படுத்திக்கொண்டிருந்த மீன் அந்த வழியில் வந்தது. அந்நிய மண்ணில் அதுவும் குடியேறி, நாங்களும் குடியேறி, ஒரே ஆற்றில் முகத்துக்கு முகம் நிற்கிறோம் என்று நண்பன் ஒரு தத்துவம் சொன்னான். குடியுரிமை அதற்குச் சீக்கிரம் கிடைத்துவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டான்.

சூடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? தண்ணீர் சூடேறினால் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்காது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில், 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 11.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 9.1; 30 டிகிரியில் 7.6. அதே நேரம் மீனின் உடல் வெப்பமும் தண்ணீரோடு ஏறுவதால் அதன் ஆக்ஸிஜன் தேவை கூடிக்கொண்டே போகும். வரவு குறைந்து செலவு கூடும் குடும்பம்போல ஓரிடத்தில் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும். ட்ரவுட்டுக்கு 20 டிகிரியைத் தாண்டினாலே திணறல், 25-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. காவிரிக் கெண்டை சிரிக்கும். ஆனால் அவலாஞ்சியின் குளிரில் பிழைக்கும் இந்த மீன் ஏன் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கவில்லை என்பதற்கும் இதுதான் பதில்.

இனி பூச்சிக்கு வருவோம். இந்த வார இறுதியைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் அல்ல, அதுதான்.

மேஃபிளை என்று அதற்குப் பெயர். ஹென்ட்ரிக்சன் என்பது மீன்பிடிப்பவர்கள் இந்த வகைக்கு வைத்த செல்லப்பெயர். அறிவியலில் எஃபெமரெல்லா சப்வேரியா. முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் ஈசல் இதற்கு உறவில்லை. ஈசல் கறையான் புற்றிலிருந்து வருவது. இது தண்ணீருக்குள் பிறந்தது. முட்டையிலிருந்து வந்த நிம்ஃப், ஏறக்குறைய ஒரு வருடம் ஆற்றடிக் கற்களுக்கு இடையே செவுளால் மூச்சுவிட்டு, பாசியையும் அழுகிய இலையையும் தின்று வளர்கிறது. ஏப்ரல் கடைசியில், மே முதலில், ஆற்றின் வெப்பம் 10 முதல் 13 டிகிரியைத் தொடும் நாட்களின் பிற்பகலில், சொல்லி வைத்தாற்போல ஆயிரக்கணக்கில் அடியிலிருந்து மேலே எழும்பும். தண்ணீரின் மேற்பரப்பில் முதுகு வெடித்து, தோலை உரித்துப் போட்டுவிட்டு, சிறகு காயும்வரை பாய்மரப் படகுபோல மிதக்கும். அந்த நொடிகள்தான் ட்ரவுட்டுக்குப் பந்தி.

ஏன் எல்லாம் ஒரே சமயத்தில் வர வேண்டும்? ஒவ்வொன்றாக வந்தால் மீன் ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். ஒரே மணி நேரத்தில் மொத்தமாக வந்தால் மீனின் வயிறு நிறைந்த பிறகும் பூச்சி மிச்சமிருக்கும். ஈசலும் இதே உத்தியைத்தான் கையாள்கிறது, உறவு இல்லாமலேயே.

மேஃபிளைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி, இன்று உயிரோடு இருப்பவற்றில் இது மட்டுமே. வண்ணத்துப்பூச்சியோ தும்பியோ சிறகு வந்ததும் முடிந்தது, அதற்குமேல் வளர்ச்சியில்லை. மேஃபிளை அப்படியல்ல. தண்ணீரிலிருந்து எழும்பும் முதல் உருவத்தை மீனவர்கள் டன் என்கிறார்கள். அதன் சிறகு மங்கல். நீரை ஒட்டவிடாத நுண்ணிய மயிர் போர்த்தியது. தண்ணீரைவிட்டு நனையாமல் தப்பிக்க அந்தக் கம்பளி உதவுகிறது என்பது ஒரு விளக்கம். டன் மரத்துக்குப் போய் உட்கார்ந்து, ஒரு நாள் போல ஆன பிறகு சிறகோடு சேர்த்து இன்னொரு முறை தோலுரிக்கும். இப்போது வருவது ஸ்பின்னர்: கண்ணாடிச் சிறகு, நீண்ட வால். அதற்குச் செயல்படும் வாய் கிடையாது. உணவு செரிக்க வேண்டிய குடலில் காற்று நிரம்பியிருக்கும். ஒரு வருடம் தின்ற உணவின் சேமிப்பிலேயே பறந்து, கூடி, முட்டையிட்டு, சிறகை விரித்தபடி தண்ணீரில் விழுந்து சாகும். ஆண் பூச்சியின் கண்கள் மிகப் பெரியவை. மேல்பாதி தனியாக, தலைப்பாகை கட்டியதுபோல நிமிர்ந்து நிற்கும். கூட்டத்தில் தனக்கு மேலே பறக்கும் பெண்ணை வானத்தின் வெளிச்சத்தில் கண்டுபிடிக்க அந்தக் கண். இந்தக் குலம் 30 கோடி வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. தூண்டில் முள்ளில் அதன் உருவத்தைக் கட்டும் குலம் நேற்று வந்தது.

அந்தக் கலையிலும் கேட்ஸ்கிலுக்கு ஒரு தனி இடம். தியோடர் கார்டன் (1854–1915) என்ற காசநோய்க்காரர் நெவர்சிங்க் ஆற்றங்கரையில் தனியாக வாழ்ந்தார். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு மிதக்கும் பொய்ப்பூச்சிகளைப் பற்றி எழுதியதைப் படித்து அவருக்குக் கடிதம் போட்டார். 1890-ல் ஹால்ஃபோர்டு மாதிரிகளை அனுப்பி வைத்தார். அவை இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஓடைகளின் அமைதியான நீருக்கானவை. கேட்ஸ்கிலின் நுரைக்கும் நீரில் மூழ்கிவிடும். கார்டன் விறைப்பான சேவல் பிடரி இறகைத் தேடினார். இறகைக் குத்தவைத்துச் சுற்றினால் அதன் இழைகள் நூறு கால்களாகத் தண்ணீரின் தோலில் ஊன்றி நிற்கும். பரப்பு இழுவிசை மீதியைப் பார்த்துக்கொள்ளும். முள் இரும்பு, இரும்பு மூழ்கும் என்ற நியாயம் அங்கே எடுபடாது. சாம்பல் நீலம் கலந்த இறகுக்கு அவர் அலைந்த அலைச்சலை, நம் ஊர் கட்டுச்சேவல்காரர்கள் புரிந்துகொள்வார்கள். அவருடைய சீடரான ராய் ஸ்டீன்ராட் 1916-ல் கட்டியதுதான் ஹென்ட்ரிக்சன் பொய்ப்பூச்சி; கூட மீன்பிடித்த நண்பரின் பெயரை அதற்கு வைத்தார். அந்த இளஞ்சிவப்புப் பழுப்பு உடலுக்குப் பின்வந்த கேட்ஸ்கில்காரர்கள் தேடியது, பெண் நரியின் சிறுநீர் பட்டு நிறம் மாறிய வயிற்று ரோமத்தை. முதலில் கேட்டபோது நண்பன் என்னை ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். உண்மைதான்.

இறகு என்றதும் நம் பக்கத்து வரவு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். விக்டோரியா காலத்தில் சால்மன் மீனுக்குக் கட்டிய ஆடம்பரப் பொய்ப்பூச்சிகளின் கன்னத்தில் மெழுகுச் சொட்டுப்போல மின்னும் ஓர் இறகு இருக்கும். அது தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. 1972-ன் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பறவைக்கு இங்கே காவல் உண்டு. முதுமலையில் விடியற்காலையில் சாலையைக் குறுக்கே கடக்குமே, அதே கோழி.

சரி, அந்த மீன் எதைப் பார்த்தது?

மீன் அரை அடி, ஒரு அடி ஆழத்திலிருந்து மேலே பார்க்கிறது. அதற்கு வானம் முழுவதும் ஒரு வட்ட ஜன்னலுக்குள் சுருங்கித் தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, மாறுநிலைக் கோணம் 48.6 டிகிரி. ஆகவே வெளியுலகம் 97 டிகிரிக் கூம்பு ஒன்றுக்குள் அடங்கிவிடும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனின் ஜன்னல் 68 சென்டிமீட்டர் விட்டம்தான். மேலே எழும்ப எழும்ப ஜன்னல் இன்னும் சிறுக்கும். ஜன்னலுக்கு வெளியே மேற்பரப்பு முழுவதும் முழு அக எதிரொளிப்பால் கண்ணாடியாகி, ஆற்றடியையே திருப்பிக் காட்டும்.

மிதந்துவரும் பூச்சி முதலில் அந்தக் கண்ணாடிப் பகுதியில் வருகிறது. பூச்சியின் உடல் அங்கே தெரியாது. ஆனால் அதன் கால்கள் தண்ணீரின் தோலை அழுத்தும் இடங்களில் கண்ணாடி உடைந்து, ஆறு சின்ன ஒளிப்புள்ளிகள் நகர்ந்து வரும். பிறகு ஜன்னலின் விளிம்பில் சிறகின் நுனி முளைக்கும், கப்பலுக்கு முன் பாய்மரம் தெரிவதுபோல. கடைசியில் உடல். ஒளிப்புள்ளி கண்டதும் மீன் எழும்ப ஆரம்பிக்கும். சிறகு கண்டதும் முடிவெடுக்கும். ஹால்ஃபோர்டும் கார்டனும் மண்டையை உடைத்துக்கொண்ட நிறமெல்லாம் அதற்குப் பிறகுதான். வானத்துக்கு எதிராகப் பார்க்கும்போது எந்த நிறமும் பாதி நிழல்தானே!

எங்களைப் பார்த்திருக்குமா? பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் உடல் தண்ணீருக்கு மேலே 1.8 மீட்டர் தெரிகிறது என்று வைத்தால், அவர் அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரம். ஒளிவிலகலில் அந்தப் பத்து டிகிரி, ஜன்னல் விளிம்பில் ஒரே டிகிரியாக நசுங்கிவிடும். நாங்கள் தொடைவரை தண்ணீருக்குள் நின்றதால் இன்னும் குறைவு. குனிந்து போ, குனிந்து போ என்று நண்பன் சொல்லிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் பக்தி இல்லை, ஸ்நெல் விதி.

ஆக, உருவம் சரி, இடம் சரி, ஆளும் தெரியவில்லை. மிச்சமிருப்பது அசைவு.

ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அடியில் கல் உரசி வேகம் சாகும், கரையிலும் சாகும், நடுவில் பாயும். பாறைக்குப் பின்னால் ஒரு மந்தமான மடிப்பு, அதை ஒட்டியே வேகமான நாக்கு. ட்ரவுட் தேர்ந்தெடுக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவிலான தையல். மந்தத்தில் உட்கார்ந்தால் நீந்தும் செலவு மிச்சம். நீந்தும் வேகம் இரட்டித்தால் நீரின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகும். பக்கத்து நாக்கில் சாப்பாடு ஓடிக்கொண்டே இருக்கும். பந்தியில் சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்து இலையைப் பிடிக்கும் அனுபவசாலியின் உத்தி. ஆனால் இதன் விளைவு எங்களுக்கு வினை. மீனுக்கும் எங்களுக்கும் நடுவே நான்கு வெவ்வேறு வேகங்கள் ஓடுகின்றன. பொய்ப்பூச்சி மெதுவான நீரில் இறங்குகிறது. நூல் வேகமான நீரின் மேல் கிடக்கிறது. நூல் வில்லாக வளைந்து கீழே ஓடி, பொய்ப்பூச்சியை இழுக்கிறது. இழுவை எங்கள் கண்ணுக்குத் தெரியும்போது தாமதம் ஆகிவிட்டது. தெரியாத இழுவை அதற்கு முன்பே தொடங்கிவிடும். மீனின் மூக்குக்கு எதிரே வரும் நுரை, இலை, பூந்தாது, மெய்ப்பூச்சி எல்லாம் அந்த நீரின் வேகத்திலேயே வருகின்றன. ஒன்று மட்டும் ஒரு விரல்கடை முந்துகிறது. கயிறு கட்டிய பூச்சி அது. அதைக் கண்டுபிடிக்க அறிவு வேண்டாம். ஓடும் கூட்டத்தில் தப்படி வைப்பவன் யார் கண்ணிலும் படுவான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு இதற்கு நிரூபணம் கிடைத்தது. நண்பன் மேலே தள்ளிப் போட்ட ஒரு வீச்சு காற்றில் குலைந்து, நூலும் நரம்பும் சுருள்சுருளாக ஒரே இடத்தில் கொட்டியது. சலித்துப்போய்க் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். சுருள் மெல்லப் பிரிய, பொய்ப்பூச்சி எந்த இழுவையும் இல்லாமல் இரண்டு மீட்டர் மிதந்தது. மூக்கு வந்தது. பூச்சி போயிற்று.

“டேய், இழுக்குதுடா! கண்ணாடியப் பிடி!”

கண்ணாடியை நான் பிடித்தேன், மீனை அவன் பிடித்தான். 35 சென்டிமீட்டர் இருக்கும். வெண்ணெய் மஞ்சள் வயிறு, விலாவில் வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு. இவ்வளவு மணி நேரம் நேர்த்தியாகப் போட்ட வீச்செல்லாம் வீண், குலைந்த ஒன்றுதான் பலித்தது. அனுபவக்காரர்கள் இதை வேண்டுமென்றே செய்வார்களாம்: நூலை நெளிநெளியாக விழ வைப்பது, விழுந்ததும் நீரோட்டத்துக்கு எதிராக ஒரு மடிப்பைத் தூக்கிப் போடுவது. ஆற்றுக்குச் செலவழிக்கக் கொஞ்சம் தளர்ச்சியைக் கடனாகக் கொடுக்கிறார்கள். அது தீரும்வரை பூச்சிக்குச் சுதந்திரம்.

நாங்கள் நின்ற பகுதியில் பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது விதி. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடலாம். உலர்ந்த கை அதன் உடலின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும், கிருமி புகும். எதிர்முள் இல்லாத கொக்கி என்பதால் ஒரு திருகில் கழன்றது. நீரோட்டத்துக்கு எதிராக அரை நிமிடம் பிடித்திருந்தான், செவுள் அடித்தது, போய்விட்டது.

இங்கே எனக்கு ஒரு நெருடல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 2003-ல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வானவில் ட்ரவுட்டின் தலையில் காயத்தை உணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்தார்கள். உதட்டில் அசிட்டிக் அமிலம் ஏற்றிய மீன்கள் சரளைக்கல்லில் உதட்டைத் தேய்த்தன, நெடுநேரம் தீனி எடுக்கவில்லை. அதை வலி என்று சொல்லலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தின்பதற்காகப் பிடிப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது என்று வாய்க்கால்காரனான எனக்குத் தோன்றுகிறது. விட்டுவிடுவதால்தான் இந்த ஆற்றில் இத்தனை மீன் இருக்கிறது என்று நண்பன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அன்றிரவு ஒன்பது மணிக்கு, கோயம்புத்தூரில் ஞாயிறு காலை ஆறரை, அவன் அம்மா வீடியோவில் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, புடிச்ச மீன எதுக்கு உட்டுப்போட்டே?” என்றார். அவன் அறிவியல் சொன்னான். “கொழம்பு வெக்கத் தெரியாதுன்னு சொல்லு” என்று முடித்துவிட்டார்.

ஞாயிறன்று மேற்கே போனோம், டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளைக்கு. அதன் தலையில் 1964-ல் கட்டி முடித்த கேனன்ஸ்வில் அணை. கேனன்ஸ்வில் என்ற ஊர் அந்தத் தேக்கத்தின் அடியில் இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. ஆகவே கோடையிலும் குளிர்ந்த நீர் அடியில் தங்கி, சூடான நீர் மேலே மிதக்கும். அணையின் மதகு அடியிலிருந்து திறப்பதால், வெளியே ஜூலை வெயில் கொளுத்தும்போதும் கீழே ஆறு பனிபோல ஓடுகிறது. நியூயார்க் நகரத்தின் தாகத்துக்காகக் கட்டிய அணை, தன்னை அறியாமல் ஒரு ட்ரவுட் ஆற்றை உருவாக்கியிருக்கிறது. அணைத் தண்ணீரின் இன்னொரு பங்கு மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியே நகரத்துக்குப் போகிறது. அந்த வழியிலுள்ள டெலவேர் நீர்வழி 137 கிலோமீட்டர் நீளம். கார்டன் மீன்பிடித்த நெவர்சிங்க் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியும் அதே திட்டத்தின் தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது. நண்பன் குயின்ஸில் குழாயைத் திறந்து காபிக்குப் பிடிக்கும் தண்ணீரில் கார்டனின் ஆறும் கொஞ்சம் இருக்கும். அவன் அதுவரை அப்படி யோசித்ததில்லையாம். இனி காபித்தூளைக் கூட்டிப் போட வேண்டும் என்றான்.

அன்று எங்கள் இருவருக்கும் மீனில்லை. காற்று பலமாக இருந்தது, பூச்சி குறைவு. நான் இன்னும் இரண்டு பொய்ப்பூச்சிகளை இன்னொரு புதருக்குக் கொடுத்தேன்.

மாலை ஆறு மணிக்குக் காரைக் கிளப்பும்போதுதான் பார்த்தோம். முன்கண்ணாடியின் உட்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. சனிக்கிழமை எங்கள் தொப்பியிலோ சட்டையிலோ ஏறி வந்த டன்னாக இருக்க வேண்டும். நண்பன் விரலை நீட்டினான். அசையவில்லை. உற்றுப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. முதுகில் நீளமாக ஒரு பிளவு, கால் ஆறும் கண்ணாடியைப் பிடித்தபடி, வெறும் தோல். அதற்கு மேலே ஒரு சாண் தள்ளி, கண்ணாடிச் சிறகும் தக்காளி நிறத் தலைப்பாகைக் கண்ணுமாக ஸ்பின்னர் உட்கார்ந்திருந்தது. வாய் இல்லாதது, இன்னும் ஒரு மாலையோ இரண்டோ இருப்பது.

அவன் பக்கவாட்டுக் கண்ணாடியை இறக்கினான். அது விளிம்புவரை நடந்து வந்தது. காற்று ஒருமுறை அதன் வாலைத் தூக்கிப் பார்த்தது. பறந்துவிட்டது, ஆற்றுப் பக்கமாகத்தான்.

தோல் மட்டும் குயின்ஸ் வரைக்கும் எங்களோடு வந்தது.